முதலில் திறந்த சின்னக் கோயில்கள்

2020 ஜூலை 1, புதன்கிழமை. கொரோனாவுக்காக மூன்று மாதத்துக்கும் மேலாகச் சாத்திக் கிடந்த தமிழ்நாட்டு வழிபாட்டுத் தலங்களில் ஒரு பகுதிக்கு அன்று அனுமதி கிடைத்தது. அதற்கு அரசு வைத்த அளவுகோலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. கிராமப்புறமாக இருக்க வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்கும் குறைவான கோயில்கள், அவற்றைப் போன்ற சிறிய பள்ளிவாசல்கள், தர்காக்கள், தேவாலயங்கள் திறக்கலாம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் எதுவும் திறக்கக் கூடாது. பெரிய கோயில் எந்த ஊரில் இருந்தாலும் திறக்கக் கூடாது.

திண்டுக்கல்லுக்கு அருகே உள்ள காந்திகிராமத்தைச் சுற்றி வரும் பகுதிக்கு இந்த அறிவிப்பைப் பொருத்திப் பாருங்கள். திண்டுக்கல் மாநகராட்சி. ஆகவே மறைமாவட்டத்தின் தலைமைக் கோயிலான புனித வளனார் பேராலயத்துக்கு அனுமதி இல்லை. சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளப்பட்டி பேரூராட்சி. அங்கும் இல்லை. ஆனால் ஆத்தூர் வட்டாரத்தின் ஊராட்சிகளில், சோளக்காட்டுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவே, ஓட்டுக்கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டு நிற்கும் சிற்றாலயங்களுக்கு அனுமதி உண்டு. மாதத்தில் ஒன்றிரண்டு முறை மட்டும் சாமியார் வந்து பூசை வைக்கும் கிளைப்பங்குக் கோயில்கள் அவை. மறைமாவட்ட வரிசையில் கடைசியில் நிற்பவை, மக்கள் கூடித் தொழும் உரிமையை முதலில் பெற்றன. பேராலயம் அதற்குப் பிறகு இரண்டு மாதம் காத்திருந்தது.

தொற்றுக்காலத்தில் தேவாலயங்கள் மீண்டும் திறந்த கதையைப் பெரும்பாலும் பெரிய கோயில் வாசலில் நின்றே சொல்லி வந்திருக்கிறோம். வெறிச்சோடிய வேளாங்கண்ணி, ஆளில்லாத சாந்தோம், 2020 மார்ச் 27 அன்று மழையில் நனைந்த புனித பேதுரு சதுக்கத்தில் தனியாக நின்று செபித்த திருத்தந்தை பிரான்சிஸ் ஆகிய காட்சிகள் மனத்தில் பதிந்துவிட்டன. அவை உண்மையான காட்சிகள்தான். ஆனால் வழிபாடு எதன் மேல் நிற்கிறது என்பதைக் கிராமத்துச் சின்னக் கோயில்தான் நமக்குக் காட்டியது என்று நான் நம்புகிறேன். அந்தக் கோயிலையும் அதைத் திறந்து வைத்திருந்த மனிதரையும் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை.

குருத்தோலை இல்லாத ஞாயிறு

முதலில் மூடிய கதை. 2020 மார்ச் 22, ஞாயிறு. மக்கள் ஊரடங்கு. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு அது. மார்ச் 24 மாலையில் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு, நள்ளிரவு கழிந்து நாடு முழுவதும் ஊரடங்கு. கிறிஸ்தவ ஆண்டின் உச்சமான நாட்கள் அப்படியே அடைபட்டன. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 9 பெரிய வியாழன், 10 பெரிய வெள்ளி, 12 உயிர்ப்பு ஞாயிறு. குருத்தோலை ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு நாடு முழுக்க ஒன்பது நிமிடம் விளக்கேற்றச் சொல்லியிருந்தார் பிரதமர். காலையில் ஓலை பிடிக்க முடியாத கைகள் இரவில் மெழுகுவத்தி பிடித்தன.

திண்டுக்கல் வட்டாரத்தில் பெரிய வெள்ளி என்பது ஒரு நாள் வழிபாட்டோடு முடிகிற காரியம் அல்ல. இது பாஸ்கா நாடகங்களின் மண். மேட்டுப்பட்டி வியாகுல அன்னை ஆலயத்தில் இயேசுவின் பாடுகளை ஊரே சேர்ந்து நடிக்கும் மரபு பல தலைமுறைகளாக வருகிறது. யூதாஸ் வேடம் கட்டுகிறவரும் பிலாத்து வேடம் கட்டுகிறவரும் ஊர்க்காரர்கள். வசனம் தெரியாத குழந்தை இல்லை. அந்த ஆண்டு மேடை போடவில்லை. கிராமக் கோயில்களில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் பாடும் ஒப்பாரியும் சிலுவைப்பாதையும் வீட்டுத் திண்ணைக்குள் சுருங்கின.

அப்போதுதான் செல்பேசியில் பூசை வந்தது. மாதா தொலைக்காட்சியில் ஏற்கெனவே தினமும் திருப்பலி ஒளிபரப்பாகி வந்தது. இப்போது பங்குத்தந்தையர் பலரும் யூடியூப், ஃபேஸ்புக் பக்கம் வந்தார்கள். சி.எஸ்.ஐ. சபைகளில் ஜூம் ஆராதனை. முடங்கிக் கிடந்த முதியவர்களுக்கு இது பெரிய ஆறுதல், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நூற்பாலைக்குப் போகிறவர், கொத்து வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருப்பது ஒரு செல்பேசி. கொஞ்ச நாளில் அதையும் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளை எடுத்துக்கொண்டது. பூசை ‘பார்க்கிற’ வசதி எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை.

மத்திய அரசு ஜூன் 8-இல் வழிபாட்டுத் தலங்களைத் திறக்கலாம் என்றது. தமிழ்நாட்டில் தலைமைச் செயலாளராக இருந்த க.சண்முகம் ஜூன் 3 அன்றே எல்லாச் சமயத் தலைவர்களையும் அழைத்துக் கருத்துக் கேட்டிருந்தார். தொற்று ஏறிக்கொண்டிருந்ததால் மாநில அரசு பொறுத்திருந்து, ஜூலை 1-இல் கிராமத்துச் சின்னக் கோயில்களுக்கு மட்டும் அனுமதி தந்தது. ஆகஸ்ட் 10 முதல் நகரங்களில் இருக்கும் சிறியவற்றுக்கும், செப்டம்பர் 1 முதல் எல்லாவற்றுக்கும் இரவு எட்டு மணி வரை அனுமதி கிடைத்தது.

சாமியார் இல்லாத அறுபது ஆண்டுகள்

ஜூலை 1-இல் திறந்த சிற்றாலயங்களில் அன்றைக்கு நடந்தது பெரும்பாலும் பூசை அல்ல. ஒரு சாமியாருக்கு ஐந்தாறு கிளைப்பங்குகள் இருக்கும். எல்லா இடத்துக்கும் அவரால் உடனே போக முடியாது. அங்கே நடந்தது செபமாலை, மாலை மன்றாட்டு, வாசகம். நடத்தியவர் உபதேசியார். கோயில் வழக்கில் வேதியர் என்றும் சொல்வார்கள்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கத்தோலிக்க வரலாற்றில் கோயிலுக்கும் மக்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது இது முதல் முறை அல்ல. ராபர்ட் தெ நொபிலி தொடங்கி அருளானந்தர், வீரமாமுனிவர் வழியாக வளர்ந்த மதுரை மிஷன் இயேசு சபையின் கையில் இருந்தது. 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் அந்தச் சபையையே கலைத்துவிட்டார். ஐரோப்பிய மன்னர்களின் நெருக்கடிக்குப் பணிந்து ரோமில் போட்ட ஒரு கையெழுத்து, திண்டுக்கல் மலையடிவாரத்து விசுவாசிகளைக் குருவானவர் இல்லாதவர்களாக ஆக்கியது. கோவாவிலிருந்து வந்த சிலரும், பாரிஸ் வெளிநாட்டு மிஷனைச் சேர்ந்த சிலரும் எப்போதாவது எட்டிப் பார்த்தார்கள். 1814-இல் சபைக்கு மறுபடி உயிர் கொடுத்தார் ஏழாம் பயஸ். பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மண்ணில் திரும்பக் காலடி வைத்தது 1838-இல். நடுவே அறுபது ஆண்டுகளுக்கும் மேல்.

அத்தனை காலமும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தது யார்? சாகக் கிடப்பவர் காதில் செபம் சொன்னது யார்? பிணத்தை மந்திரித்துக் குழிக்குள் இறக்கியது யார்? ஊரில் ஒரு வீட்டார் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்த வேலை அது. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவர்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ என்று ஒரு உரைநடை நூல் எழுதினார். ஐந்திலக்கணம் எழுதியவர், அகராதி தொகுத்தவர், காவியம் படைத்தவர், கிராமத்து உபதேசியாருக்காக உட்கார்ந்து ஒரு நூல் எழுதினார் என்றால் அவர்களுடைய கனம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. திண்டுக்கல்லில் இயேசு சபையின் நவதுறவியர் பயிலும் இல்லம் இன்றைக்கும் அவருடைய இத்தாலியப் பெயரைத் தாங்கி பெஸ்கி கல்லூரி என்றே நிற்கிறது.

அன்றைக்குக் கோயில் திறந்திருந்தது, குருவானவர் இல்லை. 2020-இல் குருவானவர் இருந்தார், கோயில் திறக்கவில்லை. இரண்டு காலத்திலும் இடைவெளியை நிரப்பியவர் உபதேசியார் ஒருவரே. ஊரடங்கில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று முதலில் தெரிந்துகொண்டவரும் பெரும்பாலும் அவர்தான். பஞ்சம்பட்டி, வக்கம்பட்டி, வெள்ளோடு, கொசவபட்டி என்று கத்தோலிக்கர் நிறைந்த ஊர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இந்த மரபு இன்னும் அறுபடவில்லை. அன்பியம் என்ற பெயரில் இருபது முப்பது குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்ததால், ஊரடங்கில் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து தொழுவது இவர்களுக்குப் புதிதாகப் படவில்லை.

திண்டுக்கல் மறைமாவட்டம் பிறந்தது 2003-இல். அதற்கு முன் இந்தப் பகுதி திருச்சி மறைமாவட்டத்தில் இருந்தது. மறைமாவட்டத்துக்கு வயது இருபதைத் தொடுவதற்குள் இந்தச் சோதனை வந்தது. கிளைக் கோயில்களின் வயதோ நூற்றாண்டுகளில்.

நாவா, கையா?

திறந்த கோயிலுக்குள் என்னென்ன செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு நடைமுறை வகுத்திருந்தது. ஆறடி இடைவெளி. முகக்கவசம். சிலையையும் புனித நூலையும் தொடக் கூடாது. தீர்த்தம் தெளிக்கக் கூடாது. பிரசாதம் கூடாது. பாடற்குழு கூடாது, பதிவு செய்த பாட்டை ஒலிக்க விடலாம். 65 வயதுக்கு மேற்பட்டோர், பத்து வயதுக்கு உட்பட்டோர், கர்ப்பிணிகள் வீட்டிலிருப்பது நல்லது. காலணியைக் கூடுமானவரை அவரவர் வாகனத்திலேயே விட்டு வர வேண்டும்.

ஒவ்வொன்றும் கிராமத்துக் கோயிலில் எங்கே போய்க் குத்தியது என்று பாருங்கள். வாசலில் தீர்த்தத் தொட்டி வறண்டது. நுழையும்போது விரல் நனைத்து நெற்றியில் சிலுவை போடும் பழக்கம் ஐம்பது அறுபது ஆண்டாக உடம்பில் ஊறியவர்களுக்குக் கை தானாக அங்கே போய்த் திரும்பியது. மாதா பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள முடியவில்லை. சமாதான வாழ்த்துக்கு எட்ட நின்று கும்பிட்டார்கள். நற்கருணையை நாவில் மட்டுமே வாங்கிப் பழகிய பெரியவர்களிடம் கையை நீட்டச் சொன்னபோது பலருக்கு மனம் ஒப்பவில்லை. உழைத்துக் காய்த்த கையில் ஆண்டவரை வாங்குவதா என்ற கூச்சம் அது. அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கக் கூடாது. சிறுவயதில் கற்றுக்கொண்ட பக்தியின் இலக்கணம் அது. பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த சாமியார்கள் இருந்த இடங்களில் அந்தக் கூச்சம் கரைந்தது. சி.எஸ்.ஐ. சபைகளில் இராப்போஜனத்தின் பொதுக் கிண்ணம் நின்று, ஆளுக்கொரு சின்னக் கிண்ணமோ, அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்துக் கொடுப்பதோ வந்தது.

எல்லாவற்றிலும் கடினமானது பாட்டு நின்றது. பாட்டில்லாத தமிழ்க் கிறிஸ்தவ வழிபாட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் இந்த விதி தேவையற்ற கெடுபிடி என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 2020 மார்ச் 10 அன்று ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடற்குழு ஒரு தேவாலயத்தில் ஒத்திகைக்குக் கூடியது. 61 பேர். அவர்களில் 53 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். கைகழுவும் திரவம் வைத்திருந்தார்கள், கட்டித் தழுவவில்லை. பாடினார்கள், அவ்வளவுதான். மூச்சை இழுத்து, குரலை உயர்த்தி, மூடிய அறைக்குள் இரண்டரை மணி நேரம். நுண்ணிய துளிகளாகக் காற்றில் மிதந்து நோய் பரவுகிறது என்பதை உலகம் ஏற்பதற்கு அந்த ஒத்திகை ஒரு பெரிய சாட்சியமாயிற்று. நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2021 ஏப்ரலில் மூணாறில் சி.எஸ்.ஐ. தென்கேரளத் திருமண்டலத்தின் போதகர்கள் தியானக் கூட்டத்துக்குக் கூடினார்கள். அதற்குப் பின் ஏராளமானோருக்குத் தொற்று ஏற்பட்டது, போதகர்கள் சிலர் உயிரிழந்தார்கள்.

எனவே மூடியது சரி என்றே சொல்வேன். கோயிலைத் திறக்கச் சொல்வது விசுவாசம், மூடச் சொல்வது அவிசுவாசம் என்று அன்று சிலர் பேசியது தவறு. மிலான் நகரில் 1576-இல் கொள்ளைநோய் வந்தபோது அங்கே பேராயராக இருந்த சார்லஸ் பொரோமியோ தெருச் சந்திகளில் பீடம் எழுப்பித் திருப்பலி நடத்த வைத்தார். வீட்டுக்குள் அடைபட்டவர்கள் சன்னல் வழியாகப் பார்த்துச் செபித்தார்கள். மக்களைக் கூட்டாமல் வழிபாட்டை மக்களிடம் கொண்டுபோன அவரைத்தான் திருச்சபை புனிதர் என்று வணங்குகிறது.

இங்கே ஒரு சின்ன விஷயம். கிராமத்துப் பழைய கோயில்களுக்கு மூன்று பக்கமும் கதவு, உயர்ந்த கூரை, கம்பி மட்டும் போட்ட பெரிய சன்னல்கள். இருபது முப்பது ஆண்டுகளில் கட்டிய காங்கிரீட் கோயில்கள் பலவற்றில் சன்னல் குறைந்து, கண்ணாடி ஏறி, சில இடங்களில் ஏ.சி.யும் வந்துவிட்டது. காற்றோட்டத்தில் பழைய கொத்தனார் ஜெயித்தார். இனி கோயில் கட்டுகிறவர்கள் இதை வரைபடத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வானத்தின் கீழ் ஒரு பிரார்த்தனை

காந்திகிராமத்தில் நின்று இதைப் பேசும்போது இன்னொரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. வழிபாட்டுக்குக் கட்டடம் வேண்டுமா? டாக்டர் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளப்பட்டி மக்கள் கொடுத்த நிலத்தில் இந்த இடத்தைத் தொடங்கியபோது, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று தனித்தனியாக எழுப்பவில்லை. காந்தியடிகளின் வழியில் சர்வமதப் பிரார்த்தனையை வைத்தார்கள். கீதை, குர்ஆன், விவிலியம் மூன்றும் ஒரே அமர்வில் ஒலிக்கும். காந்தியடிகளின் மாலைப் பிரார்த்தனை திறந்த வெளியில் நடக்கும், அதில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்கும் இடமுண்டு.

இந்த வட்டாரத்தில் அந்தக் கேள்வியை வாழ்ந்தே கேட்ட ஒரு கிறிஸ்தவர் இருந்தார். ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான். அமெரிக்கர். மதுரையில் 1834 முதல் வேரூன்றியிருந்த அமெரிக்க மதுரை மிஷனின் ஊழியராக 1925-இல் வந்தார். வைஸ்ராய் இர்வினுக்குக் காந்தியடிகளின் கடிதத்தை எடுத்துச் சென்ற ஆங்கிலேயர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்ததற்காக 1930-இல் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். திரும்பி வந்தார். 1944-இல் ஆங்கில அரசு மறுபடி வெளியேற்றியது. விடுதலைக்குப் பின் மீண்டும் வந்து காந்திகிராமத்தோடும் சர்வோதய இயக்கத்தோடும் இணைந்தார். அந்த இயக்கத்தின் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் போன்றோருக்கு வழித்துணையாக இருந்தார். மிஷன் பங்களாவை விட்டு இறங்கி ஏழைகளின் நடுவே வாழ்ந்த அவருக்குச் சேவையே ஆராதனையாக இருந்தது.

அப்படியானால் பூட்டிய கோயிலுக்காக ஏன் இத்தனை ஏக்கம் என்று கேட்கலாம். நானும் இதை நெடுநாள் யோசித்தேன். காந்தியடிகளின் பிரார்த்தனைக்குச் சுவர் இல்லை, ஆனால் கூட்டம் உண்டு. கெய்த்தானுக்கு மிஷன் பங்களா வேண்டாம், ஆனால் பக்கத்தில் மனிதர்கள் வேண்டும். இரண்டு பேரும் விட்டது கட்டடத்தை. கூடுவதை விடவில்லை. கொரோனா பறித்தது கூடுவதை. திண்டுக்கல் சமவெளியில் ஒரு கூலித் தொழிலாளிக்குத் தன் தெருவார் எல்லோரோடும் வெள்ளை வேட்டியில் சமமாகத் தரையில் உட்கார வாய்க்கும் இடம் கோயில் ஒன்றுதான். அதனால்தான் ஏக்கம். சாதிப் பிரிவினையை வாசலுக்குள் விட்ட கோயில்களும், தனிக் கல்லறை வைத்திருக்கும் ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு என்பது தெரிந்தே இதை எழுதுகிறேன். ஆறடி இடைவெளி விதி சில மாதத்தில் போய்விட்டது. சாதியின் இடைவெளி போகவில்லை. திறப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதையும் பேச வேண்டும்.

ஞாயிறு மட்டும் மூடிய கோயில்

இரண்டாம் அலை முதலாவதைவிடக் கொடியது. 2021 ஏப்ரல் 4 உயிர்ப்பு ஞாயிறு. இரண்டு நாள் கழித்துச் சட்டமன்றத் தேர்தல். ஏப்ரல் 26 முதல் வழிபாட்டுத் தலங்களில் மக்களுக்கு அனுமதி நின்றது. மே மாதம் முழுதும் மரணச் செய்தி. புதுச்சேரி-கடலூர் முன்னாள் பேராயர் அந்தோணி ஆனந்தராயர் மே 4 அன்று கொரோனாவால் இறந்தார். நாடெங்கும் நூற்றுக்கணக்கான குருக்களும் அருட்சகோதரிகளும் அந்த அலையில் போனார்கள்.

இறந்தவர்களைக் கோயிலுக்குள் கொண்டு வர முடியாததுதான் மக்களை உள்ளுக்குள் உடைத்தது. கோயில் மணி அடித்து, உடலைப் பீடத்துக்கு முன்னால் வைத்து, பூசை முடித்து, பாட்டோடு கல்லறைக்குக் கொண்டு செல்வது ஏழைக்கும் கிடைக்கும் கடைசி மரியாதை. அது போயிற்று. முதல் அலையில், 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் இறந்த நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைக் கல்லறைக்குக் கொண்டுபோனவர்களை ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கி விரட்டியது. பின்னர் வேலங்காடு இடுகாட்டில் நள்ளிரவில் நண்பர் டாக்டர் பிரதீப்குமார் தம் கையாலேயே மண் தள்ளி மூடினார். அந்தச் செய்தியைப் படித்த எத்தனையோ கிராமத்துக் கிழவர்கள், தாங்கள் சாகும்போது கோயில் திறந்திருக்குமா என்று கேட்டார்கள்.

2021 ஜூலை 5, திங்கள். மாநிலம் முழுதும் கோயில்கள் திறந்தன. அன்று பிற்பகல் மும்பை மருத்துவமனையில், விசாரணைக் கைதியாகவே ஸ்டேன் சுவாமி இறந்தார். வயது 84. திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குரு. ஜார்க்கண்ட் பழங்குடி மக்களுக்காக வாழ்ந்தவர். சிறையில் கொரோனாவுக்கு ஆளானவர். திறந்த கோயில்கள் பலவற்றில் அந்த வாரம் அவருக்காக இரங்கல் வழிபாடு நடந்தது.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆகஸ்டில் தொற்று ஏறலாம் என்ற அச்சத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்களுக்கு மக்கள் வரக் கூடாது என்றது அரசு. ஆடி வெள்ளிக் கூட்டம், ஜும்ஆ தொழுகை, ஞாயிறு ஆராதனை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் குறைக்கும் எண்ணம் அது. நோக்கம் புரிகிறது. விளைவை மட்டும் சொல்கிறேன். திங்கள் முதல் வியாழன் வரை கோயில் திறந்திருக்கும், ஆனால் ஆலைக்குப் போகிறவருக்கு அன்று வேலை. ஞாயிறு விடுப்பு, ஆனால் அன்று கோயில் மூடியிருக்கும். கடைவீதியும் பேருந்தும் அந்த ஞாயிறுகளில் வழக்கம்போல் நிறைந்திருந்தன. இதை நீட்டியது தவறு என்பதே என் எண்ணம். ஞாயிறு பூசையை மூன்றாகப் பிரித்து, நேரம் மாற்றி நடத்தச் சொல்லியிருந்தால் கூட்டமும் குறைந்திருக்கும், மக்களும் தொழுதிருப்பார்கள். அக்டோபர் 14 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் எல்லா நாட்களிலும் அனுமதி என்று அறிவித்தார். அக்டோபர் 17 ஞாயிறு. திண்டுக்கல்காரர்கள் பலருக்கு உண்மையான திறப்பு விழா அதுதான். மூன்றாம் அலைக்காக 2022 ஜனவரியில் மறுபடி மூன்று நாள் தடை வந்து, அந்த மாத இறுதியில் விலகியது.

செபஸ்தியாரின் விருந்து

திண்டுக்கல் முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் கோயில் திருவிழாவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நடக்கும். நேர்ந்துகொண்டவர்கள் ஆடு, கோழி, அரிசி, காய்கறி, மசாலா என்று கொண்டு வந்து குவிப்பார்கள். இரவெல்லாம் சமையல். கறிவிருந்து, சாதி சமயம் பார்க்காமல் வந்த எல்லோருக்கும். இந்துக்களும் முஸ்லிம்களும் நேர்ச்சை செலுத்த வருவார்கள்.

செபஸ்தியார் யார்? அம்புகள் துளைத்த உடலோடு நிற்கும் இந்த உரோமைப் படைவீரரை ஐரோப்பா கொள்ளைநோய்க்குக் காவலாகக் கும்பிட்டது. நம் ஊர்களில் காலராவும் அம்மையும் வந்தபோது அவர் சுரூபத்தைத் தெருத் தெருவாகத் தூக்கிப் போனார்கள். நோய்க்காலத்துக் காவலரின் விழாவையே நோய் தடுத்துவிட்டது. 2020 ஆகஸ்டில் மாநகராட்சிக்குள் பெரிய கோயில்கள் திறக்க அனுமதி இல்லை. 2021 ஆகஸ்டில் திருவிழாக் கூட்டங்களுக்கும் தடை, வார இறுதிக்கும் தடை. 2022-இல்தான் தடையேதும் இல்லாத ஆகஸ்ட் வந்தது.

ஒலிபெருக்கியில் செபம் கேட்கலாம், செல்பேசியில் பூசை பார்க்கலாம். ஒரே அண்டாவில் வெந்த சோற்றை முன்பின் அறியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு நேரில் போயாக வேண்டும். திறப்பின் நிறைவு எதில் என்று என்னைக் கேட்டால் இந்தப் பந்தியைத்தான் காட்டுவேன். நற்கருணையே ஒரு பந்திதானே.

திரும்பி வராதவர்கள்

மக்கள் திரும்பினார்கள். ஆனால் எல்லோரும் அல்ல. வத்திக்கானில் வழிபாட்டுத் துறைக்குத் தலைவராக இருந்த கர்தினால் ராபர்ட் சாரா 2020 செப்டம்பரிலேயே உலக ஆயர்களுக்கு எழுதிய கடிதம் வெளியானது. எந்த ஒளிபரப்பும் நேர்முகப் பங்கேற்புக்கு ஈடாகாது, நிலைமை அனுமதித்ததும் நற்கருணைக்குத் திரும்புங்கள் என்பது அதன் சாரம். இரண்டு ஆண்டு வீட்டிலிருந்தே பார்த்துப் பழகிய முதியவர்களில் ஒரு பகுதியினர் தொலைக்காட்சிப் பூசையோடு நின்றுவிட்டார்கள். முழங்கால் வலி, கூட்டப் பயம், கூட்டிப் போக ஆளில்லை. அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. நற்கருணையை வீட்டுக்கு எடுத்துச் சென்று கொடுக்கும் வழக்கம் பங்குகளில் உண்டு. முதல் வெள்ளிக்கு மட்டும் என்று இருப்பதை வாராவாரம் ஆக்கலாம்.

கணக்கில் வராமல் போனவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். திண்டுக்கல் புறநகரிலும் சின்னாளப்பட்டியைச் சுற்றியும் வாடகைக் கட்டடத்திலும் மாடியில் போட்ட தகரக் கொட்டகையிலும் நடக்கும் சிறு சுயாதீன சபைகள். அங்கே பாஸ்டருக்குச் சம்பளம் என்று எதுவும் இல்லை. ஞாயிறு காணிக்கைதான் வாடகை, அதுதான் வீட்டுச் செலவு. ஞாயிறு இல்லை என்றால் இரண்டும் இல்லை. மறைமாவட்டமோ திருமண்டலமோ தாங்கிப் பிடிக்காத இந்தச் சபைகளில் சில, வாடகை பாக்கியோடு இடத்தைக் காலி செய்தன. பாஸ்டர்கள் காய்கறி விற்றார்கள், ஆட்டோ ஓட்டினார்கள். அவர்களுடைய கோயில் ‘மீண்டும் திறந்தது’ என்று எந்த நாளையும் குறிக்க முடியாது.

உபதேசியாரின் நிலையும் பெரிதும் வேறல்ல. பங்கிலிருந்து ஒரு சிறு தொகை, அறுவடைக் காலத்தில் கொஞ்சம் தானியம், திருமண வீட்டில் வேட்டி. தமிழ்நாடு அரசு பின்னர் தேவாலயங்களில் பணியாற்றும் உபதேசியார்கள், பணியாளர்களுக்கென்று ஒரு நல வாரியம் அமைத்தது. இயற்கை மரணத்துக்கும் விபத்துக்கும் உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, முதுமையில் ஓய்வூதியம் என்பவை வாரியத்தின் திட்டங்கள். உறுப்பினராகப் பதிந்தால்தான் எதுவும் கிடைக்கும். ஆவணங்களைத் திரட்டி, பங்குத்தந்தையிடம் சான்று வாங்கி, மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கிளைப்பங்கில் இருக்கும் உபதேசியார்களில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பங்குப் பேரவையும் தன் அடுத்த கூட்டத்திலேயே கேட்கட்டும். பதியாதவரை ஒரு இளைஞர் இருசக்கர வண்டியில் திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போய் வர அரை நாள் போதும்.